ஸ்வீட்ஹார்ட் பிரூச் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

முதல் உலகப்போருக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர், தங்கள் படைப்பிரிவின் சின்னத்தைக் குட்டியாகச் செய்த பிரூச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊக்கு நகை) ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெயர்தான் ஸ்வீட்ஹார்ட் பிரூச். அதைக் குத்திக்கொண்டவர்களில் அம்மாக்களும் தங்கைகளும் உண்டு. வைரம் பதித்த தங்கத்திலும் கிடைக்கும், வெறும் பித்தளையிலும் கிடைக்கும். பித்தளையில் ஆரம்பியுங்கள். ஏமாந்தாலும் கை சுடாது.

1. ஒரே ஒரு பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

என் யோசனை ராயல் ஆர்ட்டிலரி. சின்னம் பீரங்கி. ஆள்பலம் மிகுந்த பிரிவு என்பதால் பிரூச்சும் நிறையக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் கண் பழகும்.

2. காலத்தைக் கணக்கிடுங்கள்

சின்னத்தில் இருக்கும் கிரீடத்தைப் பாருங்கள். வளைவுகள் நடுவில் குழியாமல் உருண்டு நின்றால் அது 1901 முதல் 1952 வரை இருந்த மன்னர்கள் காலத்துக் கிரீடம். நடுவில் குழிந்தால் பெரும்பாலும் எலிசபெத் அரசி காலம். போர்க்கால நகை என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள். சார்ல்ஸ் மன்னரும் பழைய உருண்டை வடிவத்தையே எடுத்துக்கொண்டதால் புத்தம்புது பிரதியிலும் அது இருக்கலாம், ஜாக்கிரதை.

பிரிவின் பெயரும் காலத்தைச் சொல்லும். ராயல் ஃபிளையிங் கோர் என்ற விமானப் பிரிவு 1912இல் தொடங்கி, 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸில் கலந்துவிட்டது. மெஷின் கன் கோர் 1915இல் உருவாகி 1922இல் கலைந்தது.

3. பின்பக்கம்

அசல் கதை இங்கேதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளி என்றால் நடக்கும் சிங்க முத்திரை, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் தரம் பார்த்தது, கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. 375 என்றால் 9 காரட் தங்கம். முத்திரையே இல்லாத நல்ல பிரூச்சுகளும் ஏராளம்.

அப்புறம் ஊக்கைப் பாருங்கள். அதன் அருகே பழைய வளையங்களை வெட்டியெடுத்த தழும்பு தெரிந்தால், அது சட்டைக் காலர் பேட்ஜில் பிற்பாடு ஊக்கு பற்றவைத்தது. அதுவும் சிப்பாய் காலத்திலேயே செய்ததாக இருக்கலாம். ஆனாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 'எனாமல்' என்று நான் ஆசையாக வாங்கிய சிறகு பிரூச்சில், வீட்டுக்கு வந்து நகத்தால் லேசாகச் சுரண்டியதும் நீலம் உரிந்து வந்தது. வெறும் பெயின்ட். அசல் எனாமல் கண்ணாடி. விரிசல் விடும், சில்லாகத் தெறிக்கும், நகத்துக்கு உரியாது.

4. ஆமை ஓடு

வெள்ளி இழைத்த ஆமையோட்டு பிரூச்சுகள் கொள்ளை அழகு. அழுங்காமை என்ற கடலாமையின் ஓடாக இருந்தால் பன்னாட்டு வணிகத் தடை உண்டு. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்காதீர்கள்.

5. சுத்தம், பத்திரம்

மெருகு போடாதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். முத்துச்சிப்பி பின்புலம் வைத்த பிரூச்சில் ஒட்டு விட்டுப் போகும். மென்துணியால் துடைத்தால் போதும். பிவிசி பைகள் உலோகத்தில் பச்சை படியவைக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள். விற்றவர் 'இது எங்கள் பாட்டியுடையது' என்று ஏதாவது சொன்னால், அதை அன்றைக்கே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு, அதே பொட்டலத்துக்குள் வைத்துவிடுங்கள்.