கோழித்தீவனத்தில் தேனீ மொய்க்கிறதா?

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி நிறைய உண்டு. ஆனி, ஆடி மழையில் பூ குறைந்ததும், விளையில் (வீட்டுத் தோட்டத்தில்) வைத்த கோழித்தீவனத்தைத் தேடி தேனீக்கள் வரும். பயப்பட வேண்டாம். குருணையை அவை தொடாது. மக்காச்சோள, சோயா மாவுத் தூசியைத்தான் மகரந்தத்துக்குப் பதிலாக எடுத்து, பின்னங்கால்களில் வெளிர்மஞ்சள் உருண்டையாகச் சேர்க்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு!

தயவுசெய்து பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். கோழிக்கும் அது விஷம். தீவனத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்தால் தூசி அடங்கிவிடும். ஈரத்தீவனம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், ஒரு வேளைக்கு மட்டும் கலக்குங்கள். அப்புறம், ஒரு தட்டில் கொஞ்சம் கடலைமாவு போட்டு, மழை படாத இடத்தில், கோழிக்கூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். பெரும்பாலும் தேனீக்கள் அங்கே மாறிவிடும்.