வடிவக்குறிப்பு இல்லாமல் ஸ்வெட்டர்: கீழே நிட்டிங், மேலே குரோஷே

இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங் துணி இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். அதே நூலில் ஒற்றைக் கொக்கி ஊசியால் போட்ட குரோஷே துணி தடிப்பாக இருக்கும், அதிகம் நீளாது, தொங்கவிட்டாலும் வடிவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும். ஒரே ஸ்வெட்டரில் இரண்டையும் சேர்க்கும்போது எதை எங்கே வைப்பது என்பதை இந்த வேறுபாட்டைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இடுப்புப் பட்டை, உடல், கைகள் ஆகியவை உடலோடு நீண்டு சுருங்க வேண்டியவை என்பதால் நிட்டிங்கிலும், ஆடையின் எடை முழுவதையும் தாங்கும் தோள் பகுதியைக் குரோஷேயிலும் போடுவது என் பரிந்துரை. குரோஷேக்கு நூல் அதிகம் செலவாவதால் அந்தத் துணியின் எடையும் கூடும். அதைக் கீழே வைத்தால் மேலிருக்கும் நிட்டிங் நாளடைவில் இழுபட்டு, ஸ்வெட்டர் முழங்காலை நோக்கி நீளத் தொடங்கிவிடும்.

இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நூலையே பயன்படுத்துங்கள். ஒரே சாயத் தொகுதியில் (ஒரே முறையில் சாயமேற்றிய நூலில்) சற்றுக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, 15 செ.மீ. சதுரத்தில் நிட்டிங்கில் ஒன்றும் குரோஷேயில் ஒன்றுமாக இரண்டு மாதிரித் துண்டுகள் பின்ன வேண்டும். குரோஷே ஊசி பின்னல் ஊசியைவிட அரை மி.மீ. பெரியதாக இருந்தால் துணி விறைக்காது. துண்டுகளைத் துவைத்துக் காயவைத்த பிறகே, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளையும் (நூல் வளையங்களையும்) வரிசைகளையும் எண்ணுங்கள். பொறுமையில்லாதவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான். வடிவக்குறிப்பு (எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று சொல்லும் வழிமுறை) இல்லாதவருக்கோ இந்தத் துண்டே வடிவக்குறிப்பு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு கணக்கைப் பார்ப்போம். நிட்டிங்கில் 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள், 28 வரிசைகள். குரோஷேயில் 16 டபுள் குரோஷே (ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் போடும் உயரமான கண்ணி), 9 வரிசைகள் என்று வைத்துக்கொள்வோம். (இங்கு வரும் பெயர்கள் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே என்பது அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே, அதாவது நூல் சுற்றாமல் போடும் குட்டையான கண்ணி. இந்தக் குழப்பத்தில் பாழான துண்டுகள் ஏராளம்.) மார்புச் சுற்றளவு 90 செ.மீ. என்றால், தளர்வுக்கு 10 சேர்த்து ஆடையின் சுற்றளவு 100 செ.மீ.; முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தலா 50 செ.மீ., அதாவது 100 கண்ணிகள். இருபுறத் தையலுக்கும் ஒவ்வொன்று சேர்த்து 102 கண்ணிகளை ஊசியில் ஏற்றுங்கள்.

முதல் 6 செ.மீ.க்கு, அரை மி.மீ. சிறிய ஊசியில் 2 நிட் (நேர் கண்ணி), 2 பர்ல் (எதிர்க் கண்ணி) என்று ரிப் (நீண்டு சுருங்கும் வரிப் பட்டை) போட்டு, பிறகு பெரிய ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று அக்குள் வரை செல்லுங்கள். அங்கே இருபுறமும் 11 கண்ணிகளை முடித்தால் (அவிழாதபடி கட்டி ஊசியிலிருந்து இறக்கினால்) ஊசியில் 80 நிற்கும். அகலம் 40 செ.மீ.

இந்த இணைப்பில்தான் பலருக்குத் துணி விசிறிபோல் விரிந்துவிடுகிறது. காரணம், 40 செ.மீ.க்குக் குரோஷேயில் 64 கண்ணிகளே போதும். 80-ஐயும் அப்படியே மாற்றினால் அகலம் 50 செ.மீ. ஆகிவிடும். ஐந்துக்கு நான்கு என்பதே இங்குள்ள விகிதம். எனவே கண்ணிகளை முடிக்காமல், பின்னல் ஊசியில் இருக்கும்போதே குரோஷே ஊசியை நுழைத்து, மூன்று கண்ணிகளில் ஒவ்வொரு சிங்கிள் குரோஷே, அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்று என்று வரிசை முடியும்வரை போடுங்கள். ஒவ்வொன்றையும் போட்ட பிறகே கண்ணியை ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். உங்கள் மாதிரித் துண்டு வேறு எண்ணைக் காட்டினால் விகிதத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இதன்மேல் 19 வரிசை டபுள் குரோஷே போட்டால் கைத்துளைக்கு ஏறத்தாழ 21 செ.மீ. உயரம் கிடைக்கும். பின்பக்கத்தை நேராகவே முடித்துவிடலாம். முன்பக்கத்தில் 10 வரிசைகளுக்குப் பிறகு நடுவில் 24 கண்ணிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு தோளையும் தனித்தனியாகப் பின்னி, கழுத்துப் பக்கம் ஆறு வரிசைகளில் ஒவ்வொரு கண்ணி குறைத்து, கடைசி மூன்றை நேராகப் போடுங்கள். ஒவ்வொரு தோளிலும் 14 கண்ணிகள் மிஞ்சும். இந்தக் கழுத்து அகலம் என்று தோன்றலாம். ஆனால் ரிப் கழுத்தைப் போல் குரோஷே கழுத்து நீண்டு கொடுக்காது என்பதை, என் முதல் ஸ்வெட்டர் நெற்றியோடு நின்றுவிட்டபோதுதான் அறிந்தேன். இங்கே கிடைக்கும் சுற்றளவு சுமார் 59 செ.மீ.; உங்கள் தலையைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கழுத்து அமைவதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தோள்களைக் குரோஷே ஊசியாலேயே ஸ்லிப் தையல் (இரு ஓரங்களையும் கோத்து நூலை நேரே இழுத்துவிடும் தட்டையான கண்ணி) போட்டு இணைத்த பின், கைத்துளையின் நேர் ஓரத்தில் நிட்டிங் கண்ணிகளை எடுக்க வேண்டும். டபுள் குரோஷே வரிசை ஒன்றுக்கு இரண்டு, இடையிடையே ஒன்று கூடுதல் என்று 84 எடுத்து, தையலுக்கு இரண்டு சேர்த்தால் 86. அக்குளில் முடித்த 5 செ.மீ. ஓரத்தோடு தைப்பதற்காக முதல் 14 வரிசைகள் நேராகப் போகட்டும். அதன்பின் 4 வரிசைக்கு ஒருமுறை, 6 வரிசைக்கு ஒருமுறை என மாற்றி மாற்றி இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி குறைத்தால், இருபதாவது முறையில் 46 நிற்கும். மணிக்கட்டுக்கு 6 செ.மீ. ரிப் போட்டுத் தளர்வாக முடியுங்கள். கை நீளத்தை மேசையில் வைத்து அளக்காமல், ஆடையை உடலில் போட்டுப் பார்த்து அளப்பது நல்லது. நிட்டிங் தன் எடையிலேயே சற்று இறங்கும்.

பக்கத் தையல்கள் முடிந்ததும், கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு வரிசை சிங்கிள் குரோஷே போதும். அதற்கு மேல் போட்டால் துளை சுருங்கும். பிறகு ஸ்வெட்டரைத் துவைத்து, உலர்ந்த துவாலையில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, அளவுக்கு இழுத்துச் சமதளத்தில் காயவையுங்கள்.