எடு, விடு: மிக்ஸட் டபுள்ஸ் பிளே-ஆஃபில் தோற்கும் வழிகள்

போன சீசன் மிக்ஸட் டபுள்ஸ் பிளே-ஆஃபில் எங்கள் டென்னிஸ் அணியின் மூன்றாவது கோர்ட்டில் ஒரு புது ஜோடி, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஆடியது. வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன்னால் நான் செய்த காரியத்தை அந்தப் பையன் ஒன்றுவிடாமல் அப்படியே செய்தான். எழுந்து கத்தலாமா என்றிருந்தது. கத்தக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

டாலஸ் புறநகரில் வார இறுதிகளில் ஆடும் ஆள் நான். இங்கே அமெரிக்க டென்னிஸ் சங்கம் நடத்தும் யு.எஸ்.டி.ஏ. லீக் என்றால் தெரியாதவர்கள் குறைவு; 1980லிருந்து நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆட்டத் திறனைச் சொல்லும் என்.டி.ஆர்.பி. என்ற ரேட்டிங் உண்டு; எண் கூடினால் ஆள் பலம். மிக்ஸடில் இரண்டு பேருடைய எண்ணையும் கூட்டித்தான் பிரிவு. 7.0 என்றால் 3.5 உடன் 3.5 ஆடலாம், 4.0 உடன் 3.0 ஆடலாம். இருவருக்கும் இடையே 1.0க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஓர் அணிக்கு மூன்று கோர்ட், இரண்டில் ஜெயித்தால் வெற்றி. ஆளுக்கு ஒரு செட் ஆனால் மூன்றாவது செட் கிடையாது, 10 பாயிண்ட் டைபிரேக்தான்: குறைந்தது இரண்டு பாயிண்ட் முன்னிலையோடு முதலில் 10ஐத் தொடும் ஜோடிக்கே மேட்ச்.

பந்தைப் பார்த்து அடி, முதல் சர்வை உள்ளே போடு, தண்ணீர் குடி போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் தெரிந்துதான் பிளே-ஆஃப் வரை வந்திருக்கிறீர்கள்.

தாமதமாக வருவது

5 நிமிடம் வரை தாமதமென்றால் டாஸும் ஒரு கேமும் போச்சு. 10 நிமிடம் வரை இரண்டு கேம், 15 வரை மூன்று. அதற்கு மேல் மேட்ச்சே போச்சு. லீக் சுற்றில் எதிரணி கேப்டன் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். பிளே-ஆஃபில் கடிகாரத்தோடு ஒருவர் நிற்பார்.

பார்ட்னரின் பந்தைப் பிடுங்குவது

இதுதான் விஷயம். மற்ற தவறுகளுக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் போகும், இதற்கு மேட்ச் போகும். போதாததற்கு, அணியில் நல்ல ஆள் யாரோ அவர்தான் இதைச் செய்வார், பொறுப்பைச் சுமக்கிறோம் என்ற நினைப்போடு செய்வார்.

அந்த வருடம் நான் 4.0. என் பார்ட்னர் 3.0; கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் வேகம் இல்லை. ஆனால் ரிட்டர்ன் தவறாது. டியூஸ் பக்கம், அதாவது வலது பாதியில் நின்று, வரும் பந்தை அப்படியே தூக்கி நெட்டில் நிற்பவரின் தலைக்கு மேல் போட்டுவிடுவார். லீக் சுற்று முழுக்க அந்த லாபை வைத்துத்தான் ஜெயித்தோம். எதிரில் இருந்தவர்கள் இரண்டு பேரும் 3.5. ஆளுக்கு ஒரு செட். டைபிரேக்கில் நாங்கள் 7-4 என்று முன்னால் இருந்தோம்.

அந்த இடத்தில் எனக்குள் ஒரு குரல்: இனி நீ பார்த்துக்கொள். அந்தக் குரல் கேட்டதும் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

12வது பாயிண்ட், அக்கா சர்வ். நெட்டில் நின்ற நான், ரிட்டர்ன் அடிப்பதற்கு முன்பே குறுக்கே பாய்ந்தேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள், நான் விட்டுவந்த பக்கத்துக் கோட்டோரமாகப் பந்து போனது. 13வது பாயிண்டில் என் தலைக்கு மேல் லாப். “நான் எடுக்கிறேன்” என்று அக்கா தெளிவாகச் சொன்னார். நானும் ஓடினேன். இருவரும் ஒரே மூலையில் நின்றோம், மீதிக் கோர்ட் காலி. 14ல் என் ரிட்டர்னை வின்னராக்கப் பார்த்து நெட்டில் அடித்தேன். 15ல் அக்காவின் முறை. வழக்கமான லாப், அவர்கள் தடுமாறி வெளியே அடித்தார்கள். 8-7. அந்த ஒரு பாயிண்ட் எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 16ல் இரண்டு சர்வையும் தவறவிட்டு நான் டபுள் ஃபால்ட். 17ல் சர்வ் போட்டுவிட்டு முன்னால் ஓடிவந்தேன். நெட்டில் நின்ற அக்காவின் ராக்கெட்டுக்கு நேராக, நெஞ்சு உயரத்தில், குழந்தைகூட அடிக்கக்கூடிய ஒரு பந்து வந்தது. “என் பந்து!” என்று கத்தினேன். அவர் ராக்கெட்டை இழுத்துக்கொண்டார். நான் நெட்டில் அடித்தேன். 18ல் என் ரிட்டர்ன் பின்கோட்டை, அதாவது பேஸ்லைனைத் தாண்டியது. 8-10.

தோற்ற ஆறு பாயிண்டிலும் என் கைவரிசை இருந்தது. கார் நிறுத்தும் இடத்துக்கு நடக்கும்போது அக்கா கோபமே இல்லாமல் சொன்னார்: “தம்பி, அந்தப் பந்து என் ராக்கெட்டுக்கு நேராத்தான் வந்துச்சு.” அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

இது ஏன் நடக்கிறது என்றால், கூட்டல் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. 4.0 ஆள் எல்லாப் பந்தையும் எடுத்தால் நாம் 4.0 அணி என்று தோன்றும். ஆனால் டபுள்ஸ் கோர்ட்டின் அகலம் 36 அடி. சிங்கிள்ஸ் ஆடும்போது 27 அடியையே தனியாகக் காக்க முடியாதவர், இங்கே 36 அடியைக் காக்கப் போகிறாராம். நீங்கள் நடுவுக்கு வர வர உங்கள் பக்கம் திறக்கிறது. பார்ட்னர் ஒதுங்கி ஒதுங்கி ஓரப் பட்டையில், அந்த நாலரை அடிக்குள் போய் நிற்கிறார். இதைவிட மோசம், நாலு பந்தைப் பிடுங்கியபின் அவர் கால் நகர்வது நின்றுவிடும். ஐந்தாவது பந்து உங்களால் எட்ட முடியாத இடத்துக்கு வரும்போது அவர் தயாராக இருக்க மாட்டார். அப்போது நாம் செய்யும் காரியம் என்ன? திரும்பி அவரைப் பார்ப்போம்.

2025 யு.எஸ். ஓப்பன் மிக்ஸடைப் பாருங்கள். பரிசு 10 லட்சம் டாலர் என்று அறிவித்து, சிங்கிள்ஸ் நட்சத்திரங்களை வரிசையாக இறக்கினார்கள். கடைசியில் கோப்பையை எடுத்தது முந்தைய வருடம் ஜெயித்த அதே இத்தாலிய டபுள்ஸ் ஆட்டக்காரர்கள், சாரா எர்ரானி, ஆண்ட்ரியா வவாசோரி ஜோடி. இறுதிப் போட்டியில் சிங்கிள்ஸ் நட்சத்திரங்களான இகா ஷ்வியான்டெக், காஸ்பர் ரூட் ஜோடியை 6-3, 5-7, 10-6 என்று வென்றார்கள். எர்ரானியின் உயரம் 1.64 மீட்டர். சர்வ் மெதுவானது என்பது ஊரறிந்தது, கீழிருந்து சர்வ் போட்ட மேட்ச்களும் உண்டு. அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு வவாசோரி தனியாக ஆடவில்லை. எர்ரானியின் ரிட்டர்னும் லாபும் வேலை செய்ய, நெட்டில் தன் பங்கை மட்டும் அவர் பார்த்துக்கொண்டார்.

சரி, மெதுவாக ஆடும் பார்ட்னரை எதிரணி குறிவைத்தால் என்ன செய்வது? பிடுங்காமல் இடத்தை மாற்றுங்கள். எதிரில் பலமான சர்வ் என்றால் இருவரும் பேஸ்லைனில் நில்லுங்கள். நெட்டில் நிற்பவர் மேல் அடிக்க அவர்களுக்கு ஆளே இருக்காது. பார்ட்னர் சர்வ் போடும்போது குறுக்கு ரிட்டர்ன் அவரைக் கொல்கிறதென்றால், சர்வ் போடும் பக்கத்திலேயே நீங்களும் நெட்டில் நில்லுங்கள். அந்தக் குறுக்குப் பாதை அடைபடும். பாய்வதென்றால் முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டிவிட்டுப் பாயுங்கள். அப்போதுதான் காலியாகும் பக்கத்துக்கு அவர் ஓட முடியும். சொல்லாமல் பாய்ந்தால் அது தந்திரமல்ல, தள்ளுமுள்ளு.

போன சீசன் அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். டைபிரேக்கில் 6-3 என்று முன்னால் இருந்தான். அதற்கப்புறம் நெட்டில் பார்ட்னர் இருப்பதையே மறந்துவிட்டான். மேட்ச் முடிந்து வந்தவன் முதலில் சொன்னது: “நடுப் பந்துல கொஞ்சம் கன்ஃப்யூஷன் ஆயிடுச்சுண்ணா.” கன்ஃப்யூஷன்!

பெண் ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் “சாரி” சொல்வதை விடுங்கள். மூன்று சாரிக்குப் பிறகு அவர் உங்கள் பந்தை எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

எடு, விடு

தமிழ் ஜோடிகளுக்கு மட்டுமான சாபம் இது. காற்றடிக்கும் மைதானத்தில் “எடு”வும் “விடு”வும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். டாலஸில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. நான் “விடு விடு” என்று கத்த, வெளியே போக இருந்த பந்தை அக்கா அழகாக எடுத்து உள்ளே போட்ட நாள் உண்டு. இப்போது “நான்”, “நீங்க”, “அவுட்” என்று மூன்றே சொல்தான். நடுவில் வரும் பந்து யாருடையது என்பதை டாஸுக்கு முன்பே பேசிவிடுகிறோம்: அந்த நேரம் குறுக்கே, மூலைக்கு மூலை பந்தை மாற்றி மாற்றி அடித்து ரேலி ஆடிக்கொண்டிருப்பவருக்கே அது.

இன்னொன்று, பந்து எதிரணியை நோக்கிப் போகும்போது உங்களுக்குள் பேசினால் அது இடையூறு என்று அவர்கள் பாயிண்ட் கேட்கலாம். தமிழில்தானே பேசினோம் என்ற சமாதானம் அங்கே செல்லாது.

வரிசையை மாற்றாமல் இருப்பது

யார் முதலில் சர்வ், யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் என்பதை ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் மாற்றலாம். பலருக்கு இது தெரியும். 10 பாயிண்ட் டைபிரேக்கும் ஒரு செட்டாகவே கணக்கு, அதற்கு முன்பும் மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. எந்த அணி சர்வ் போட வேண்டுமோ அதில் மாற்றமில்லை. அணிக்குள் யார் என்பதுதான் உங்கள் விருப்பம்.

ஒரு செட் முழுக்க ஒருவர் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார், கவனித்திருக்கிறீர்களா? அதனால் பந்தைத் தூக்கும்போது சூரியன் யார் கண்ணில் அடிக்கிறது என்று பார்த்து வரிசை போடுங்கள். இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டைபிரேக்கிலோ கணக்கு வேறு. 10-8 வரை போனால் 18 பாயிண்ட். அதில் ஒவ்வோர் அணியிலும் முதலில் சர்வ் போட்டவருக்கு 5, இரண்டாமவருக்கு 4. வழக்கமாக ஆண்தான் முதலில் என்று யோசிக்காமல் நிற்காதீர்கள். அன்றைக்கு யாருடைய சர்வில் அதிக கேம் ஜெயித்தீர்கள் என்று பாருங்கள்.

நோ-ஆட் பாயிண்ட்

உங்கள் லீக்கில் நோ-ஆட் முறை, அதாவது 40-40 ஆனதும் ஒரே பாயிண்டில் கேமை முடிக்கும் முறை இருந்தால், 40-40ல் ஆண் சர்வ் போட்டால் ஆண்தான் ரிட்டர்ன் எடுக்க வேண்டும், பெண் சர்வ் போட்டால் பெண். சாதாரண டபுள்ஸ் போல இஷ்டப்படி தேர்வு கிடையாது, அதற்காக இடம் மாறி நிற்கவும் முடியாது.

எதிரணிப் பெண்ணையே குறிவைப்பது

அவர் 4.0 ஆகவும் கூட நிற்பவர் 3.0 ஆகவும் இருக்கலாம். முதல் நாலு கேமில் யார் தடுமாறுகிறார் என்று பார்த்துவிட்டு அடியுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: பெண் என்று சர்வை மெதுவாகப் போடப்போய் டபுள் ஃபால்ட் செய்பவர்கள். இரக்கமும் இல்லை, பாயிண்டும் இல்லை.

கோட்டுத் தகராறு

நீங்கள் அவுட் என்கிறீர்கள், பார்ட்னர் உள்ளே என்கிறார். அப்படியானால் பந்து உள்ளேதான். நெட்டருகே கூடிக் கூடிப் பேசி முடிவை மாற்றாதீர்கள். வேலிக்கு வெளியே இருப்பவரிடம் கேட்கவும் கூடாது. என்னிடம் கேட்காதீர்கள், நானே சரியாகப் பார்த்திருக்க மாட்டேன்.

அணி தோற்றாச்சே என்று விடுவது

இரண்டு கோர்ட் போய்விட்டது, மூன்றாவதில் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். வேலிக்கு வெளியே எல்லோரும் பையை மூடுகிறார்கள். உங்களுக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். ஆனால் பிளே-ஆஃப், எல்லா அணியும் ஒன்றோடொன்று ஆடும் ரவுண்ட் ராபினாக இருந்தால் அந்தக் கோர்ட்டுக்கும் கணக்கு உண்டு. இரண்டு அணிகள் சமமாக நின்றால் முதலில் மொத்தம் எத்தனை கோர்ட் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள், பிறகு யார் குறைவான செட் இழந்தார்கள், அப்புறம் யார் குறைவான கேம் இழந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் 1-6 என்று விட்டெறிந்த செட்டை, ஞாயிற்றுக்கிழமை மதியம் பேப்பரில் பேனா வைத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறோம். பாதியில் விலகினால் இன்னும் மோசம். மீதி கேம் எல்லாம் அவர்களுக்கே எழுதப்படும்.

கணவன் மனைவி ஜோடியாக ஆடுவது

கருத்து இல்லை.

இரண்டு மேட்ச்சுக்கு நடுவே பிரியாணி

கேப்டன் வாங்கி வந்தாலும் வேண்டாம். காரில் வையுங்கள்.