கவிஞரின் வீட்டை நினைவில்லமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரதியார் 1882இல் பிறந்த எட்டயபுரத்து வீடு, புதுச்சேரி வாசத்தின்போது குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு, 1921இல் உயிர்நீத்த திருவல்லிக்கேணி வீடு ஆகிய மூன்றும் இன்று அவருடைய நினைவில்லங்களாகப் போற்றப்படுகின்றன. இவற்றுள் எட்டயபுரத்து வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி 2025 மார்ச்சில் இடிந்து விழுந்த செய்தி தமிழறிந்த எவரையும் வருத்தியிருக்கும். ஒரு வீட்டை அரசுடைமையாக்கிப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் அது காக்கப்பட்டுவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

பெரிய தவறு, பழைய சுவரின் மேல் சிமெண்ட் பூசுவது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெயிற்காலத்தில் அதை மெல்ல வெளியே விடும் இயல்புடையது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். விழும்போது செங்கல்லின் மேற்பரப்பையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு போகும். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பதமாக அரைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது காலம். பிறந்தநாளுக்குள் திறந்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் காலத்தைத் தருவதில்லை.

கூரையில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய தளம், மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து அமைவது. மேலே நீர் கசியத் தொடங்கினால் கட்டையின் நடுப்பகுதி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனிதான் முதலில் மக்கும். ஆகவே கீழே நின்று அண்ணாந்து பார்த்து ‘பலமாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுக்கும் ஆய்வறிக்கையை நம்பக்கூடாது. கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கசிவை நிறுத்துவதாக எண்ணி மேலே கான்கிரீட் போடுவது, மக்கிய நுனியின் மேல் இன்னும் பாரத்தை ஏற்றுவதாகும்.

வீட்டுக்குள் இருக்கும் தாள்களுக்கு வருவோம். நான் சென்ற ஒரு நினைவில்லத்தில், கவிஞர் தம் கையால் எழுதிய கடிதம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்து, மேற்கு ஜன்னலுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். மாலை வெயில் விழுந்த பாதியில் மை தவிட்டு நிறமாகியிருந்தது. நிழலில் இருந்த மறுபாதியை மட்டுமே படிக்க முடிந்தது. காப்பதற்காகச் செய்த வேலையே அது என்பதை நினைக்க மனம் பதறுகிறது, ஏனென்றால் லேமினேஷனைத் தாளுக்குச் சேதமின்றி உரித்தெடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். மூலத்தை அமிலமற்ற அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்துவிட்டு, நல்ல நகலைக் காட்சிக்கு வைத்தால் போதும். அது நகல் என்று அருகில் எழுதியும் வைக்க வேண்டும். நாற்காலி, மேசை, பேனாவுக்கும் இதே நேர்மை தேவை. அக்காலத்துப் பொருள் ஒன்றைக் கடையில் வாங்கி வைத்துவிட்டு ‘கவிஞர் பயன்படுத்தியது’ என்று எழுதுவது பொய்.

விளக்கப் பலகைகளிலும் பிழைகள் நுழைகின்றன. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதால் பாரதி இறந்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்தக் காயத்திலிருந்து தேறி, ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வரை சென்று ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசிவிட்டு வந்த பிறகே அவர் நோயுற்று மறைந்தார். உயிர் பிரிந்தது செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்த பின் என்பதால் ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் தேதி. பலகையில் எழுதியதையே பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். எழுதும் முன் பாரதி ஆய்வாளர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகப்போவதில்லை.

வீட்டையே பண்பாட்டு மையமாகவும் நடத்த விரும்புவோர், ஒரு குடும்பம் புழங்குவதற்குக் கட்டிய மாடியில் நூறு பேரை உட்காரவைக்கக்கூடாது. முற்றத்துக்குக் கூரை போட்டு அரங்கமாக்குவதும், ஏசி குழாய்க்காகச் சுவரைத் துளைப்பதும் வீட்டின் காற்றோட்டத்தையே மாற்றிவிடும். எட்டயபுரத்தில் 1947இல் திறந்த மணிமண்டபம், பிறந்த வீட்டை விட்டுத் தனியாக எழுந்தது. விழாவும் கூட்டமும் அத்தகைய இடத்தில் நடக்கட்டும். வீட்டுக்குள் ஒரு வேளைக்கு இருபது பேர் அமர்ந்து பாட்டு வாசிக்கலாம், ஆய்வு மாணவர் வந்து நூலகத்தைப் பயன்படுத்தலாம்.

நிதி கேட்கும்போது திறப்பு விழாச் செலவை எழுதுவோர் ஆண்டுப் பராமரிப்பை எழுதுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் மாடித் தூம்பில் அடைத்திருக்கும் சருகை அள்ளுவதற்கும், கறையான் புற்றுக் கட்டியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நிலைக்கதவுகளின் அடியில் பார்ப்பதற்கும், ஊரிலேயே இருக்கும் ஓர் ஆளுக்கு நிரந்தரச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.