வாழைப்பட்டையில் காகிதம்

தார் வெட்டியதும் வாழை மரத்தைச் சாய்த்துவிடுவோம். அந்தப் பட்டையில் வீட்டிலேயே காகிதம் செய்யலாம். புகளூர் ஆலையில் கரும்புச் சக்கை காகிதமாவது போலத்தான், இது சின்ன அளவில்.

நன்றாகக் காய்ந்த பட்டை 100 கிராம் எடுத்து, விரல்கடை நீளத்துக்கு நறுக்கி இரவு ஊறவையுங்கள். மறுநாள் 20 கிராம் சலவை சோடா கலந்த தண்ணீரில் இரண்டு, மூன்று மணி நேரம் வேகட்டும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். நார் விரலால் இழுத்தாலே பிரிந்து வந்தால் பதம் சரி. அவசரப்பட்டு இறக்கினால் காகிதம் திப்பிதிப்பியாக வரும். என் முதல் தாள் அப்படித்தான், தேங்காய் நாரை ஒட்டிவைத்த மாதிரி.

வழவழப்புப் போக அலசி, நிறையத் தண்ணீர் விட்டுப் பழைய மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். அகலமான தொட்டித் தண்ணீரில் கலக்கி, கொசுவலை அடித்த மரச்சட்டத்தால் அள்ளுங்கள். அப்புறம் பருத்தித் துணியில் கவிழ்த்து, ஈரத்தை ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பேனா மை ஊறுகிறதா? வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து மேலே ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். நிறம் பழுப்புதான்; வாழ்த்து அட்டைக்கு அதுவே அழகு.