அரட்டைவழி மொழிப் பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இணையவழி மொழி வகுப்பு எடுக்கத் தொடங்கிய ஒருவர் தன் குழு உரையாடலைக் காட்டினார். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள். மைக்கை அணைக்க மறப்பது போன்றவை இரண்டு வகுப்பில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுதிய மறுநொடியே திருத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தமிழ் கற்கும் மாணவி ஒருவர் குழுவில் எழுதினார்: "நேற்று தோழியை பேசினேன். அவள் ரொம்ப அழுதாள்." நான் உடனே "தோழியை இல்லை, தோழியிடம்" என்று போட்டேன். 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. கடைசியில் "சரி" என்ற ஒற்றைச் சொல். தோழி ஏன் அழுதாள் என்று நான் கேட்கவே இல்லை. அப்புறம் பல வாரங்களுக்கு அவர் நாலு சொல்லைத் தாண்டி எழுதவில்லை.

வகுப்பில் வாய் திறக்கத் தயங்குபவர்களும் அரட்டையில் எழுதுவார்கள். இந்த ஊடகத்தின் பலமே அதுதான். 1995-இல் மொழிக்கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கெர்ன் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு கற்ற மாணவர்கள் நேரடி வகுப்பு உரையாடலைவிட கணினிவழி உரையாடலில் இரண்டு முதல் மூன்றரை மடங்கு அதிக முறை பங்கெடுத்தார்கள். இலக்கணத் துல்லியத்துக்கு அது தோதான இடமில்லை என்றும் அவர் எழுதினார். அந்தப் பலத்தைத்தான் நான் ஒரு வரியில் கெடுத்தேன்.

இப்போது முதலில், மாணவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்கிறேன்: "தோழியிடம் பேசினீர்களா? ஏன் அழுதாள்?" சரியான உருபு அதிலேயே இருக்கிறது. ஆனால் பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். அதனால் உரையாடலின் பதிவிலிருந்து ஐந்து வாக்கியங்களை எடுத்து, பெயர்களை நீக்கி, அடுத்த வகுப்பில் அவர்களையே திருத்தச் சொல்கிறேன். எழுதியது எங்கும் ஓடிப்போகாது, அவசரம் எதற்கு? பொருளே புரியாவிட்டால் மட்டும் அங்கேயே கேளுங்கள்: "யார் யாருக்குக் கொடுத்தார்?"

"அரைமணி நேரம் பேசுங்கள்" என்று விடுவது

நலம் விசாரிப்போடு முடிந்துவிடும். ஒருவரிடம் வரைபடம், இன்னொருவரிடம் முகவரிகள் என்று தகவலைப் பிரித்துக் கொடுங்கள். கேட்டால்தான் வேலை முடியும் என்றால் கேட்பார்கள்.

ஒரே குழுவில் முப்பது பேர்

வேண்டாம். நாலு பேர் போதும்.

மொழிப் பரிமாற்றத்தில் நேரம் பிரிக்காதது

இருவர் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும்போது, இருவருக்கும் எந்த மொழி சுலபமோ அதுவே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். பாதி நேரம் இது, பாதி நேரம் அது. கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சிலேயே உச்சரிப்பும் வந்துவிடும் என்று நம்புவது

வராது. வாரம் ஒரு குரல் பதிவாவது அனுப்பச் சொல்லுங்கள்.