முடிவிலிகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

இரட்டைப்படை எண்கள் இயல் எண்களில் பாதிதானே, அப்படியானால் அது சின்ன முடிவிலி என்பார்கள். பகுதி முழுமையைவிடச் சிறியது என்ற விதி, முடிவுள்ள கணங்களோடு நின்றுவிடுகிறது. இங்கே ஜோடி சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6, இப்படி ஒவ்வொன்றுக்கும் அதன் இருமடங்கு. எந்தப் பக்கமும் எதுவும் மிஞ்சாது; இரண்டும் ஒரே அளவு.

2-ஐ 2-உடனும் 4-ஐ 4-உடனும் சேர்த்தால் 1, 3, 5 தனியே நிற்குமே? நிற்கட்டும். சமம் என்று காட்ட ஒரே ஒரு முறை பலித்தால் போதும். சமமில்லை என்று சொல்லத்தான், எந்த முறையும் பலிக்காது என்று நிறுவ வேண்டும்.

எந்த இரண்டு பின்னங்களுக்கு நடுவிலும் இன்னொரு பின்னம் உண்டு. அந்த நெருக்கத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, பின்னங்களையும் வரிசைப்படுத்தி 1, 2, 3 என்று இயல் எண்களோடு ஜோடி சேர்க்கலாம். 1/1, 2/1, 3/1 என்று தொடங்கினால் மட்டும் 1/2-இன் முறை வரவே வராது. தொகுதியையும் பகுதியையும் கூட்டி, சிறிய கூட்டுத்தொகையிலிருந்து எழுதுங்கள்: 1/1, 1/2, 2/1, 1/3, 3/1, 1/4, 2/3, 3/2, 4/1. (2/2 என்பது 1-தான், ஏற்கெனவே வந்துவிட்டது.) ஒரு கூட்டுத்தொகைக்குச் சில பின்னங்களே இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இடம் கிடைத்துவிடும்.

மெய்யெண்களில் இது நடக்காது. கணிதவியலாளர் ஜார்ஜ் கேன்டர் 1891-ல் வெளியிட்ட மூலைவிட்ட வாதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள மெய்யெண்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் எழுதிவிட்டதாகவும், அது இப்படித் தொடங்குவதாகவும் கொள்வோம்:

0.3141…
0.5000…
0.2718…
0.6545…

முதல் எண்ணின் முதல் இலக்கம் 3, இரண்டாவதின் இரண்டாம் இலக்கம் 0, பிறகு 1, 5. இலக்கம் 5 என்றால் 4, வேறு எதுவானாலும் 5 என்று மாற்றினால் 0.5554… கிடைக்கும். பட்டியலின் ஒவ்வொரு எண்ணோடும் இது ஓர் இடத்திலாவது வேறுபடும்; அதனால் பட்டியலில் இது இல்லை. 0-வையும் 9-ஐயும் தொடாததற்குக் காரணம் உண்டு: 0.4999…-உம் 0.5000…-உம் ஒரே எண்.

"விடுபட்டதைப் பட்டியலில் சேர்த்துவிடலாமே?" சேர்க்கலாம். புதிய பட்டியலிலும் ஒன்று விடுபடும். வாதம் எந்தப் பட்டியலுக்கும் பொருந்துவதே அதன் பலம். இதே வித்தையை இயல் எண்களில் செய்யப் பார்ப்பதும் தவறு: அங்கே கிடைப்பது முடிவே இல்லாத இலக்க வரிசை, அது இயல் எண்ணே அல்ல.

இன்னொன்று: இயல் எண்களின் அளவுக்கு அடுத்த முடிவிலியே மெய்யெண்களின் அளவு என்று உறுதியாக எழுதிவிடாதீர்கள். கணக் கோட்பாட்டின் வழக்கமான அடிப்படை விதிகள் முரணற்றவை என்றால், அவற்றைக் கொண்டு அந்தக் கூற்றை மறுக்க முடியாது என்று கணிதவியலாளர் குர்ட் கோடெலும், நிரூபிக்கவும் முடியாது என்று 1963-ல் பால் கோஹனும் காட்டினார்கள்.